ஒன்றாம் தேதி தூக்குவாளி

ஒன்றாம் தேதி பொழுது சாய்ந்தால் இன்றும் என் கை தானாகப் போய் வாசல் விளக்கைப் போடும். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் போடுவேன். "யாரும்மா வர்றாங்க?" என்று மகள் கேட்பாள். "யாரும் இல்ல, கொசு வராம இருக்கத்தான்" என்பேன். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கொசுவே வரும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பல வருடங்கள் அந்த நேரத்துக்கு என் அக்கா வந்துகொண்டிருந்தாள். நீலசந்திராவில் பஸ் ஏறி, நடுவில் இன்னொரு பஸ் மாறி, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வருவாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி இருக்கும். அதற்குள் ஒரு மாதம் வத்தக்குழம்பு, ஒரு மாதம் எலுமிச்சை ஊறுகாய், பனிக்காலமாக இருந்தால் பிதுக்கம் பருப்புக் குழம்பு. நான் குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவித் துடைப்பேன். அடியில் அவளுடைய கடை வாடகைப் பணத்தை மடித்து வைத்து மூடிக் கொடுப்பேன்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு. மற்ற வீடுகளில் ஒரு பிடி அரிசி போடுவார்கள், சர்க்கரை போடுவார்கள். என் வீட்டில் வாடகை போடுவேன். அவள் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை, என் முன்னால் மூடியைத் திறந்து பார்த்ததும் இல்லை. காபி குடித்துவிட்டு, "பொண்ணுக்கு எண்ணெய் வெச்சு விடுடி, தலை பறக்குது" என்று எதையாவது சொல்லிவிட்டு இறங்கிப் போவாள்.

அக்காவுக்கு நீலசந்திராவில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கோயில் அன்னதானம் என்று எது நடந்தாலும் அங்கேதான் வருவார்கள். ஆள் உள்ளே உட்காரும் அளவுக்கு அண்டா, பிரியாணி தேக்சா, இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, பிளாஸ்டிக் நாற்காலி, ஷாமியானா எல்லாம் உண்டு. அத்தான் ஆரம்பித்த கடை. அவர் இருந்தவரை சமையல் காண்ட்ராக்டும் எடுத்தார், சம்பாத்தியம் முழுவதும் அதிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரோடு சமையலும் போயிற்று, பாத்திரங்கள் மட்டும் நின்றன. அக்காவுக்குப் பிள்ளைகளும் இல்லை.

"எல்லாத்தையும் வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடு" என்று நான் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

"விருந்தாளியா வந்தா காபி குடுப்ப. அங்கயே உக்காந்துட்டா, அக்கா காபி போடுன்னு சொல்லுவ" என்பாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. கடைக்கு மேல்மாடியில் இருந்த ஓனர் யுகாதிக்கு மறுநாள் இறங்கி வந்தார். கீழே மொபைல் ரிப்பேர் கடை வைக்க ஒருவர் கூடுதல் வாடகைக்குக் கேட்கிறாராம். "நோடம்மா, நானும் எஷ்டு தின காயோது?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார், எத்தனை நாள்தான் நானும் காத்திருப்பது என்று. கெட்ட மனிதர் இல்லை. அடுத்த யுகாதி வரை பழைய வாடகையே போதும், அதற்குப் பிறகு புது வாடகை, முடியாவிட்டால் சாவி என்று தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். கம்பெனியில் முன்பணம் வாங்கிப் புது வாடகையையும் நானே கட்டுகிறேன் என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டிகளை எண்ணினாள்.

"வேணாம். அடுத்த யுகாதிக்குள்ள கடை தன் வாடகையத் தானே கட்டணும். கட்டலைன்னா சாவியக் குடுத்துட்டு உன் வீட்டு ஹால்ல பாய் போட்டுக்கறேன். காபியும் நானே போடறேன், போ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கரண்டிகள் எத்தனை என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் வீட்டில் அவள் ராணி, என் வீட்டு ஹாலில் அவள் யாராக இருப்பாள்? அந்த நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

ஊரான் கம்பெனிக்குக் கணக்குப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. செலவு எங்கே ஒழுகுகிறது என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் போனேன். அரை நாள்கூட ஆகவில்லை. கடைச் சுவரில் நீல டிஸ்டம்பர் மேல் சாக்பீஸால் எழுதியிருந்தது: காதுகுத்து, அண்டா இரண்டு, நாற்காலி ஐம்பது, பாக்கி இவ்வளவு. எடுத்துப் போகும்போது கொஞ்சம் முன்பணம், திருப்பித் தரும்போது மீதி என்பது அத்தான் காலத்து வழக்கம். பத்து மணிக்குக் காதுகுத்து வீட்டு அம்மா ஆட்டோவில் அண்டாவோடு வந்து இறங்கினாள். அண்டாவுக்குள் வாழையிலை, அதன்மேல் நெய் மினுக்கும் சர்க்கரைப் பொங்கல்.

"அக்காவுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். வெறும் அண்டாவா குடுப்பாங்களா?"

அக்கா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு எனக்கு முந்திரி உள்ள பக்கமாகப் பார்த்துக் கொடுத்தாள். குழந்தை அழுததா, மாமன் வந்தாரா, தோடு எத்தனை கிராம் என்று எல்லாம் விசாரித்தாள். அந்த அம்மா கிளம்பியதும் எழுந்து உள்ளங்கையால் சுவரில் அந்த வரியைத் தேய்த்து அழித்தாள்.

"அக்கா, மீதி?"

"அடியே, இப்பத்தான அவங்க பொங்கலத் தின்னோம். வாயில நெய் காயறதுக்குள்ள காசு கேக்கச் சொல்றியா?"

"பாத்திரம் வந்தா கணக்குத் தீந்துடுமா?"

"பொங்கலோட வந்துச்சே!"

இப்படியே அக்கா நீலசந்திராவில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்தைத் தின்று தீர்த்திருந்தாள். வெறும் பாத்திரம் தரக்கூடாது என்ற நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு கடையை மூடிவிட முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கொடுத்தவர்களும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அக்கா கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்காததால், பழகின இடம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லியிருக்காங்க" என்று கத்தினேன்.

"நான் எங்கடி ஆத்துல போட்டேன்? எல்லாம் வயித்துலதான் போட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பாத்திரங்களை நானே வாங்கி வைக்கிறேன் என்று அக்காவைப் பின்பக்கம் கோணிகள் நடுவில் உட்கார வைத்தேன். முதலில் வந்தது ஒரு பெரியவர், மகள் நிக்காஹ் முடித்த பாய். தேக்சாவைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். உள்ளே மூடி போட்ட ஒரு டப்பா. "அக்காவுக்குத் தேக்சா அடிச்சோறு பிடிக்கும்னு சொரண்டி வெச்சேன்மா. நீங்க தங்கச்சியா? நீங்களும் சாப்பிடணும்" என்று அவரே மூடியைத் திறந்து நீட்டினார்.

அந்த அடிச்சோறு, கருகின வெங்காயமும் மசாலாவும் ஒட்டிய அந்த மொறுமொறுப்பு, இன்றும் என் நாக்கில் இருக்கிறது. அவர் எதிரே நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் புறப்பட்டுப் போன வீடு வெறிச்சென்று இருப்பதாகச் சொன்னார். அவர் கண் கலங்கிற்று, எனக்கும் கலங்கிற்று. "நல்லா இருப்பாங்க பாய், கவலைப்படாமப் போயிட்டு வாங்க" என்று வழியனுப்பி வைத்தேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் பாக்கி ஞாபகம் வந்தது.

பின்பக்கம் கோணிகள் குலுங்கின. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். எழுந்து வந்து சுவரைக் காட்டினாள். "அழிடியம்மா, கணக்குப்பிள்ளை."

சிரித்து முடித்துவிட்டு இருவரும் நாற்காலி அடுக்கின்மேல் உட்கார்ந்து யோசித்தோம். சோற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நீலசந்திராவில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. தின்ற வாயால் காசு கேட்கவும் முடியாது, அது எங்கள் இருவருக்கும் பிறவிக் குணம். அப்படியென்றால் சோறு வருவதற்கு முன்னால் காசு வந்தாக வேண்டும். பாத்திரம் கடையை விட்டு இறங்கும் முன்பே முழு வாடகை. திரும்பி வரும்போது என்ன வந்தாலும் நிம்மதியாகத் தின்னலாம்.

சொல்வது எளிது. முதல் மாதம் அக்கா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டதும் ஆட்கள் முகம் சுளித்தார்கள். சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அதே காதுகுத்து அம்மா, அடுத்த பிள்ளையின் பிறந்த நாளுக்கு வந்தவள், "நாங்க என்ன உங்க அண்டாவத் தூக்கிட்டு ஓடியா போயிடுவோம்? இத்தனை வருஷப் பழக்கம்!" என்று சண்டைக்கு நின்றாள். நான் ஆபீஸுக்கு லீவு போட்டு வந்திருந்த நாள் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"ஓடமாட்டீங்க, தெரியும். நீங்க பொங்கல் கொண்டாந்து குடுத்த பிறகு கேக்க எனக்குக் கூச்சமா இருக்குதுங்க. அதனாலதான் போன தடவ கேக்கவே இல்ல. அதான் இந்தத் தடவ முன்னாடியே கேக்கறேன்."

அந்த அம்மா மணிபர்ஸைத் திறந்து இந்தத் தடவை வாடகையைக் கொடுத்தாள், பழைய பாக்கியையும் கொடுத்தாள். "சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்றாள், அழுதுவிடுகிற குரலில். நான் கம்பெனியில் பாக்கி வசூலிக்க எழுதாத கடிதம் இல்லை. எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை.

அதன் பிறகு அக்கா எல்லோரிடமும் அதையே சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனவர்கள் திரும்பினார்கள். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, கடை காய்ந்துவிடும் என்று நான் பயந்தேன். அம்மன் கோயில்களுக்குக் கூழ் ஊற்ற அண்டாக்கள் ஒவ்வொன்றாகப் போயின. முன்பணம் இல்லாமல் அம்மனுக்கும் கொடுக்காதே என்று நான் சொன்னதற்கு மட்டும் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அப்படியும் கோயில்காரர்கள் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் நிஜமாகச் சண்டை போட்டது சாவு வீட்டு விஷயத்தில்தான். இழவு விழுந்த வீட்டுக்கு ஷாமியானாவும் நாற்காலியும் தண்ணீர் அண்டாவும் காசில்லாமல் போகும். அதுவும் அத்தான் காலத்து வழக்கம். மாதத்தில் பாதி நாள் நாற்காலிகள் அப்படித்தான் வெளியில் இருந்தன. பணம் கொடுக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்காலி இல்லாமல் திரும்பிப் போனார்கள். "பாதி வாடகையாவது வாங்கு" என்றேன்.

"பொணத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அட்வான்ஸ் குடுன்னு கேக்கவா?"

"அப்ப யுகாதிக்கு ஓனருக்கு என்னத்தக் குடுப்ப? கண்ணீரையா?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் போன அன்று அவர்கள் தெருவையே நிறைத்த நாற்காலிகளும் அதே நாற்காலிகள்தான். அடுத்த ஒன்றாம் தேதி அக்கா வரவில்லை. நான் விளக்கைப் போட்டுவிட்டு வெகு நேரம் வாசலில் நின்றேன். பிறகு நானே பஸ் பிடித்து நீலசந்திராவுக்குப் போனேன்.

கடையில் அவள் வேர்த்து விறுவிறுக்க நின்றாள். அத்தான் முதன்முதலில் வாங்கின பழைய இரும்பு நாற்காலிகள், நசுங்கின இரண்டு அலுமினிய அண்டாக்கள், ஒட்டுப் போட்ட தார்ப்பாய் ஆகியவற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறாளாம்.

"இதெல்லாம் இனிமே கடைச் சாமான் இல்ல. என் புருஷன் சாமான், என் வீட்டுச் சாமான். சாவு வீட்டுக்கு இது போகும், காசு வாங்க மாட்டேன். கடையில இருக்கறது எது போனாலும் காசு. சரியா கணக்குப்பிள்ளை?"

ஆட்டோவில் அவளோடு நானும் ஒரு நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அன்று தூக்குவாளி இல்லாததால் வாடகையைக் கையிலேயே கொடுத்தேன். இருவருக்கும் கை கூசியது.

தை மாதத்தில் முகூர்த்தங்கள் நெருக்கி வந்தன. ஞாயிறு மட்டுமல்ல, ஆபீஸ் விட்டும் நான் போக ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், வேலைக்காகப் போனதில் பாதிதான். பின்பக்கம் கோணிமேல் உட்கார்ந்து, திரும்பி வந்த பாத்திரங்களில் இருந்ததைப் பகிர்ந்து தின்போம். ஒரே தட்டில் கேசரியும் புளியோதரையும் பிரியாணியும் இருக்கும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் கிடந்து குசுகுசுவென்று பேசியதெல்லாம் அத்தனை வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. கடை எப்படிப் போகிறது என்று மட்டும் மாசிக்குப் பிறகு அவள் சொல்லவில்லை. கேட்டால், "சும்னே இரு" என்று கன்னடத்தில் அடக்குவாள். கடை தேறாது என்பதைச் சொல்லத் தயங்குகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். ஹாலில் சோபாவை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றுகூட மனசுக்குள் பார்த்து வைத்தேன்.

யுகாதி வந்தது, போயிற்று. அடுத்த ஒன்றாம் தேதி சாயங்காலம் படியில் அவள் மூச்சு கேட்டது. தூக்குவாளியில் ஒப்பட்டுச் சாறு, போளிக்குப் பருப்பு வேகவைத்த தண்ணீரில் வைக்கிற ரசம். "ஓனரம்மா குடுத்தாங்க, உனக்குப் பிடிக்குமேன்னு கொண்டாந்தேன்" என்றாள். ஓனர் வீட்டிலிருந்து சாறு வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரக்கப்பட்டுக் கொடுத்து அனுப்பினார்களோ?

சாறை மாற்றி ஊற்றினேன். தூக்குவாளியைக் கழுவித் துடைத்தேன். புது வாடகைக்குத் தோதாகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை மடித்து அடியில் வைத்து மூடினேன். அவள் காபியைக் குடித்து முடித்துத் தூக்குவாளியைக் கையில் வாங்கினாள். வாசல்வரை போனாள். அங்கே நின்று, அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, என் எதிரிலேயே மூடியைத் திறந்தாள். பணத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"ஓனருக்குக் காலையிலயே குடுத்துட்டேன், புது வாடகை. கடைக் காசுடி. முழுசும் கடைக் காசு."

அவள் மூடியில்லாத தூக்குவாளியை என் பக்கம் நீட்டியபடி நின்றாள்.

"என்னடி பாக்கற? வெறும் பாத்திரமா குடுத்து அனுப்பறது? நம்ம அம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்க? போய் ஒரு கை சக்கரை எடுத்துட்டு வா."

சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். கண் மறைத்தது. ஒரு கை போட்டேன், இன்னொரு கை போட்டேன், டப்பாவையே கவிழ்த்திருப்பேன். பின்னால் வந்து நின்ற அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும், போதும். நாளைக்கு நான் விருந்தாளியா வந்தா காபிக்கு என்ன பண்ணுவ?"

அதன் பிறகு ஒன்றாம் தேதிகளில் அவள் வருவதில்லை. வர வேண்டிய காரணம் தீர்ந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, தோன்றினால் வருகிறாள், போனில் திட்டுகிறாள். அதற்காகத்தானே ஒரு வருடம் இருவரும் பாடுபட்டோம்? சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்றாம் தேதி சாயங்காலம் வந்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. விளக்கைப் போட்டுவிட்டு, படியில் யாராவது மூச்சு வாங்குகிறார்களா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.